தனி வரைகலை, கூட்டு வரைகலை: ஒரு பரிந்துரை

வணக்கம்.

கணினித் திரையில் படம் வரையும் பகுதியான வரைகலை (கிராபிக்ஸ்) இரண்டு வகை: தனிச் சில்லாக வரும் ‘டெடிகேட்டட்’, செயலியோடு சேர்ந்து வரும் ‘இன்டகிரேட்டட்’. இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் ‘வரைகலை அட்டை’, ‘உள்ளமை வரைகலை’ என்ற இணையைத்தான் பெரும்பாலோர் ஏற்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு இரண்டுமே உறுத்துகின்றன.

முதலில் அட்டை. மேசைக் கணினியில் அது உண்மையாகவே அட்டைதான். ஆனால் மடிக்கணினியில் என்விடியா நிறுவனத்தின் வரைகலைச் சில்லும் அதற்கான நினைவகமும் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து வருகின்றன. கழற்றவோ மாட்டவோ எதுவும் இல்லை. காட்பாடியில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த கையோடு வேலூர்க் கடைகளுக்கு வரும் குடியாத்தம், ஆம்பூர்ப் பெற்றோர் கேட்பது இதுதான்: “இப்போதைக்குச் சாதா லேப்டாப் எடுத்துக்கறோம், கார்டு அப்புறமா போட்டுக்கலாமா?” முடியாது. ‘அட்டை’ என்று நாமும் அச்சிட்டால் அந்த நம்பிக்கைக்கு நாமே உரம் போடுகிறோம்.

‘உள்ளமை’யிலும் அதே கோளாறு. பலகையில் பற்றவைத்த என்விடியா சில்லும் உள்ளே அமைந்ததுதானே? தவிர, இடம் நிலையாக நிற்பதில்லை. 1999இல் வந்த இன்டெல் 810இல் வரைகலை தாய்ப்பலகைச் சில்லுத்தொகுதியில் (சிப்செட்) இருந்தது. 2010இல் செயலியின் உறைக்குள் தனித் துண்டாக வந்தது. 2011இல் செயலியோடு ஒரே சிலிக்கானில் சேர்ந்துவிட்டது. கடைக்காரர் சொல்லும் ‘ஆன்போர்டு’ முதல் காலத்தின் மிச்சம். இப்போது அது போர்டில் இல்லை, இருந்தும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘ஒருங்கிணைந்த வரைகலை’ என்றார் ராணிப்பேட்டை ஐயா. நல்ல தமிழ்தான். ஆனால் 2020இல் ஆப்பிளின் எம்1 சில்லு வந்ததிலிருந்து செயலியும் வரைகலையும் ஒரே நினைவகத்தைப் புழங்கும் அமைப்புக்கும் ‘ஒருங்கிணைந்த நினைவகம்’ என்றே எழுதத் தோன்றுகிறது. அடுத்தடுத்த வரிகளில் இரண்டு ‘ஒருங்கிணைந்த’ வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

சரி, இடத்தை விட்டுவிடுவோம். நினைவகம் யாருடையது என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகிவிடும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையில் அதற்கென்றே 12 ஜிபி நினைவகம் இருக்கிறது. நொடிக்கு 360 ஜிகாபைட் போய்வரும். செயலிக்குள் இருக்கும் வரைகலைக்கு அப்படிச் சொந்தமாக எதுவும் இல்லை. கணினியின் பொது நினைவகமான ரேம்தான் அதற்கும். டிடிஆர்4 3200 வகை ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிகாபைட், இரட்டைத் தடத்தில் (டூயல் சேனல்) இரண்டு குச்சி போட்டால் 51.2. அதையும் செயலியோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு ஜிபி போட்டும் கணினி ஏன் குறைத்துக் காட்டுகிறது என்ற கேள்விக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: ஒரு பகுதியை வரைகலைக்கு ஒதுக்கிவைத்திருக்கும்.

நிலத்துக்கு இதே வேறுபாட்டைச் சொல்ல நம்மிடம் சொல் இருக்கிறது: தனிப்பட்டா, கூட்டுப்பட்டா. வட ஆற்காட்டில் படிக்காதவருக்கும் இரண்டும் புரியும். அதே வழியில் என் பரிந்துரை: தனி வரைகலை, கூட்டு வரைகலை.

இதில் எனக்குப் பிடித்தது, சொல்லே வாங்குபவருக்கு வழி காட்டிவிடுகிறது. கூட்டு வரைகலை என்றால் ரேமைக் கவனிக்க வேண்டும் என்று புரிந்துவிடும். ஒற்றை 8 ஜிபி குச்சியோடு வரும் கணினியில் அதே அளவில் இன்னொன்று போட்டால் விளையாட்டில் முன்னேற்றம் கண்ணுக்கே தெரியும். தனி வரைகலை உள்ள கணினியில் அதே செலவு அவ்வளவு பயன் தராது.

‘கூட்டு’ என்றால் மட்டமாகத் தொனிக்கிறதே என்றார் ஆற்காட்டு அக்கா. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவி கூட்டு வகைதான். 16 ஜிபியைச் செயலியும் வரைகலையும் சேர்ந்தே புழங்குகின்றன. ஆனால் அந்த நினைவகத்தின் வேகம் நொடிக்கு 448 ஜிகாபைட். கூட்டு என்பதால் மட்டம் ஆகிவிடாது. எதைப் பங்கு போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி செயலி தன் வரைகலையையும் சேர்த்து 65 வாட் வகை. ஆர்டிஎக்ஸ் 3060 தனியாகவே 170 வாட் வரை இழுக்கும், அத்தனையும் வெப்பமாக அறைக்குள்தான் இறங்கும். கத்திரி வெயிலில் சத்துவாச்சாரி மாடி அறையில் எது மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மூன்று அட்டைகளைக் கோத்துப் பயன்படுத்துவதோடு ‘கூட்டு’ குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ‘இணை வரைகலை’ போதும். அந்த வழக்கமே வீட்டுக் கணினிகளில் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. கூட்டும் தனியும் இரண்டும் இருந்து, வேலைக்கேற்ப மாறும் மடிக்கணினிக்கு ‘இரட்டை வரைகலை’ என்று வைக்கலாம். இன்டெல்லின், பெயர் ‘எஃப்’ எழுத்தில் முடியும் செயலிகளைப் பற்றி எழுதும்போது ‘கூட்டு வரைகலை இல்லாதவை, தனி வரைகலை கட்டாயம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இதைத் தெரியாமல் விலை குறைவென்று வாங்கிப்போய், திரையில் படமே வராமல் திரும்பி வருபவர்கள் உண்டு.

‘அட்டை’யை முழுக்கத் துரத்தச் சொல்லவில்லை. கையில் பிடிக்கும் பொருளுக்கு வரைகலை அட்டை என்றே இருக்கட்டும், வகைக்குப் பெயராக மட்டும் வேண்டாம்.

எழுத்துமுறையில் ஒன்று. வகரம் வருவதால் இங்கே ஒற்று மிகாது; சேர்த்தோ பிரித்தோ எழுதலாம். தேடுபொறியில் சிக்க வேண்டுமென்றால் பிரித்து எழுதுவது மேல். மறுப்பு இருந்தால் மடிக்கணினியை மனதில் வைத்து எழுதுங்கள். மேசைக் கணினிக்கு எந்தச் சொல்லும் பொருந்திவிடும்.