கேப்பு முதல் அடியில் வெடிக்கல, மூணாவது சுற்றில் சிலிண்டர் இறுகுது: கருமருந்து ரிவால்வர், உதவி வேணுமுங்க

வாய்க்கால்மேடு, ஈரோடு
வணக்கமுங்க. பையன் டெக்சாஸ்ல இருக்கான். பியெட்டா கம்பெனி செஞ்ச 1858 ரெமிங்டன்ங்கற பழைய அமெரிக்க ரிவால்வரோட நகல் ஒண்ணு வாங்கியிருக்கான். .44, ஸ்டீல் ஃபிரேம். அடுத்த மாசம் நானும் அங்க போறேன். ரேஞ்சுல ரெண்டு சிக்கல் வருதாம்.

கேப்புன்னா சிலிண்டர் பின்னால மாட்டற, சுத்தியல் அடிச்சா மருந்துக்கு நெருப்பு குடுக்கற சின்ன உலோக மூடி. ஆறு கேப்புல ஒண்ணு ரெண்டு முதல் அடிக்கு வெடிக்கறதில்ல. அதையே மறுபடி அடிச்சா வெடிக்குது. ரெண்டு தடவை சிலிண்டரை நிரப்பிச் சுட்டு முடிச்சு மூணாவது தடவை போட்டா சிலிண்டர் இறுகிக்குது, சுத்தியலைப் பின்னால இழுக்கவே முடியல.

போடறது 3எஃப்ங்கற பொடிக் கருமருந்து 30 கிரெய்ன், .451 அங்குல ஈயக்குண்டு, 11ஆம் நம்பர் கேப்பு. கிரீஸ், ஃபெல்ட் எதுவும் வெக்கறதில்ல. இங்க பழைய பேட்டரி ஈயம் கிடைக்குது, குண்டு வார்க்க ஆகுமுங்களா? திரும்பி வரும்போது துப்பாக்கியைக் கொண்டுவரலாமான்னும் கேக்கறான்.

சென்னிமலை தறி
ரெண்டாவது அடிக்கு வெடிக்குதுன்னா கேப்புல குறை இல்லீங்க. நிப்பிள்ங்கற, கேப்பு மாட்டற சின்னத் துளைக்குழாய் மேல அது முழுசா உக்காரல. முதல் அடியோட வேகம் கேப்பை உள்ள தள்ளறதுலயே தீந்துருது, ரெண்டாவது அடிதான் உள்ளிருக்கற மருந்தை நசுக்குது. விரல்ல அழுத்தறது பத்தாது. பென்சில் தடிமன்ல ஒரு மரக்குச்சி வெச்சு, குழல் இலக்கைப் பாத்தபடி, ஒவ்வொரு கேப்பையும் கெட்டியா அழுத்தச் சொல்லுங்க. இரும்பு ஆணி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

அப்படியும் நிக்கலைன்னா 10ஆம் நம்பர் கேப்பு ஒரு டப்பா வாங்கிப் பாக்கலாம். ஒரே நம்பர் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள் அளவு மாறும், நிப்பிளும் அப்படித்தான். துப்பாக்கியைச் சாய்ச்சா கேப்பு விழக்கூடாது, நகத்தால நெம்பினாத்தான் வரோணும். அதுதான் சரியான பிடிப்பு. நிப்பிள் கடைசி வரைக்கும் திருகியிருக்குதான்னும் பாருங்க. கைப்பிடியோட முன்பட்டையில சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், அதுதான் சுத்தியலைத் தள்ளற ஸ்பிரிங்கை இறுக்கறது. அது தளர்ந்தாலும் அடி மெத்துன்னுதான் விழும்.

கேப்பு வெடிச்சும் மருந்து தீப்பிடிக்கலைன்னா அது வேற சங்கதி. சிலிண்டர்ல மருந்து போடற அறையில எண்ணெய் இருக்கும், இல்ல நிப்பிள் துளை அடைச்சிருக்கும். அதுக்குத்தான் மருந்து போடறதுக்கு முன்னாடி வெறும் சிலிண்டர்ல ஆறு கேப்பையும் சுட்டுடறது. குழல் முனையைப் புல்லுக்கிட்டப் புடிச்சுச் சுட்டா புல் ஆடோணும், ஆடினா துளை திறந்திருக்குது.

எப்படி இருந்தாலும் வெடிக்கலைன்னா உடனே திருப்பிப் பாக்கக் கூடாது. இலக்கை நோக்கினபடியே ஒரு நிமிஷம் நிக்கோணும். மருந்து சித்தெ நேரம் புகைஞ்சுட்டு அப்புறமும் தீப்பிடிக்கும்.

நொய்யல் மேடு
சிலிண்டர் இறுகறது ரெமிங்டனோட கூடப்பொறந்த குணமுங்க. கோல்ட்ங்கற இன்னொரு கம்பெனி மாடல்ல சிலிண்டர் சுத்தற அச்சு தடியா, கிரீஸ் நிக்க வரி வெட்டி இருக்கும். ரெமிங்டன் அச்சு ஒல்லி, வழவழன்னு இருக்கும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல பீச்சற புகை நேரா அச்சுல போய்ப் படியுது. கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல கெட்டியான கசடாத்தான் மிஞ்சும், அது காஞ்சா சிலிண்டரைப் புடிச்சுக்கும்.

கிரீஸே இல்லாம சுட்டா மூணாவது சிலிண்டர் வரைக்கும் ஓடினதே பெருசு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல கிரீஸ்ல ஊறின ஃபெல்ட் வட்டு ஒண்ணு வெக்கோணும். அச்சுல தாராளமா கிரீஸ் தடவோணும். ஒவ்வொரு சிலிண்டர் முடிஞ்சதும், எல்லா அறையும் காலியான்னு பாத்துட்டு, அச்சை உருவி ஈரத்துணியில அச்சு, சிலிண்டர் முகம் ரெண்டையும் ஒரு துடை. அரை நிமிஷ வேலை.

கிரீஸ்னா வண்டிக்குப் போடறது இல்லீங்க. பெட்ரோலிய எண்ணெய் கருமருந்துக் கசடோட சேந்தா தாரு மாதிரி ஆயிரும். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் உருக்கிக் கலந்தது நல்லா நிக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டா 24 டிகிரியிலயே உருகி ஓடிரும், டெக்சாஸ் வெயிலுக்கு ஆகாது.

30 கிரெய்னையும் 25க்குக் குறைங்க. அது சுமார் 1.6 கிராம். கசடு குறையும், குறியும் பெரும்பாலும் நல்லாவே வரும்.

பல்லடம் பண்ணையம்
யாரும் சொல்லாத ஒண்ணு: ஒரு அறை வெடிக்கறப்ப பக்கத்து அறையும் சேந்து வெடிக்கற தொடர்வெடி. குண்டுக்கு மேல கிரீஸ் பூசினாப் போதும்னு பழைய ஆளுக சொல்லுவாங்க. முதல் குண்டு போனதுமே பக்கத்து அறை கிரீஸ் பாதி வழிஞ்சுரும், அதை நம்ப முடியாது. குண்டு அறையை விடச் சித்தெ பெருசா இருக்கோணும், அழுத்தும்போது மெல்லிசா ஈய வளையம் சீவி வரோணும். முழு வளையம் வரலைன்னா .451ஐ விட்டுட்டு .454 போடுங்க.

சென்னிமலை தறி
முன்பக்கம் அது சரி. பின்பக்கம் கேப்பு லூசா இருந்து கழண்டு விழுந்தா அந்தத் துளை வழியாவும் நெருப்பு போகும். என் கணக்குக்குப் பின்பக்கந்தான் பெரிய ஆபத்து. ரெண்டு பக்கமும் இறுக்கமா இருந்தா சண்டையே இல்லீங்க.

பல்லடம் பண்ணையம்
சரி, ரெண்டையும் பாக்கட்டும். மருந்து போடற முறையும் சொல்லிடறேன். புட்டியில இருந்து நேரா அறைக்குள்ள ஊத்தக் கூடாது. உள்ள ஒரு பொறி மிச்சமிருந்தா புட்டி மொத்தமும் கையில வெடிக்கும். அளவுக் குப்பியில ஊத்தி, அதுல இருந்து அறைக்கு. அப்புறம் வட்டு, குண்டு. குழலுக்கு அடியில இருக்கற நெம்புகோலை அழுத்திக் குண்டு மருந்து மேல உக்காரோணும், நடுவுல காத்து இடைவெளி இருக்கப்படாது. கேப்பு எப்பவும் கடைசி, அதுவும் சுடற இடத்துல நின்னபடிதான். ஆறு அறைக்கு அஞ்சு மட்டும் போட்டு, சுத்தியலைக் காலி அறை மேல இறக்கி வெக்கச் சொல்லுங்க.

இந்தக் காலத் தோட்டாவுல இருக்கற புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கூடக் கலக்கக் கூடாது. பட்டாசுல இருந்து எடுத்த மருந்தும் அப்படித்தான், பலதுல அலுமினியத்தூள் இருக்கும். சிலிண்டர் சிதறிரும். கருமருந்துக்குப் பதிலா வர்ற பைரோடெக்ஸ் போட்டா எடை பாக்காம அதே குப்பி அளவுல போடோணும்.

நொய்யல் மேடு
பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம். ஆன்டிமனிங்கற உலோகம் கலந்து கெட்டியா இருக்கும், நெம்புகோல்தான் வளையும். உருக்கும்போது வர்ற ஆவியும் விஷம். நகம் பட்டாக் கீறல் விழற சுத்த ஈயந்தான் வேணும். அங்கேயே வார்த்த குண்டு பெட்டியா விக்கறாங்க, இங்கிருந்து சுமக்காதீங்க.

பவானிக்கரை
துப்பாக்கியைக் கொண்டுவர்ற எண்ணத்தை விட்ருங்க. அமெரிக்க மத்திய சட்டத்துல இந்த மாதிரி கருமருந்து நகல் பழங்காலப் பொருள் கணக்கு, அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இங்க 1959 ஆயுதச் சட்டப்படி இது கைத்துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாம இறக்கினாக் குற்றம். தோட்டங்காவலுக்கு அப்பாரு காலத்து மருந்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும் அது இதுக்குச் செல்லாது. கருமருந்து, கேப்பு ரெண்டையும் விமானத்துல எந்தப் பையிலயும் ஏத்த விடமாட்டாங்க.

வாய்க்கால்மேடு, ஈரோடு
ரொம்ப நன்றிங்க. மரக்குச்சியில அழுத்தினதுல கேப்பு எல்லாமே முதல் அடிக்கு வெடிச்சுதாம். ஃபெல்ட் வட்டு ஆர்டர் போட்டிருக்கான். சுட்டு முடிச்சு வார லீவுல துடைச்சாப் போதுமுங்களா?

நொய்யல் மேடு
போதாது, அன்னிக்கே கழுவோணும். கசடு காத்து ஈரத்தை இழுத்து ஒரு ராத்திரியிலயே துரு ஏத்தும். மரக் கைப்பிடி, சிலிண்டர், நிப்பிள் எல்லாம் கழட்டி, சுடுதண்ணியில பாத்திரம் கழுவற சோப்புப் போட்டு பிரஷ்ல தேச்சு, நல்லா உலர்த்தி எண்ணெய் பூசுங்க. நிப்பிள் மரைக்கு மட்டும் கொஞ்சோண்டு ஆன்டி சீஸ்ங்கற, மரை இறுகிக்காம இருக்கப் போடற பசை தடவித் திருகுங்க, இல்லீன்னா அடுத்த தடவை கழட்ட வராது.