1493 நியூரம்பெர்க் வரலாற்று நூலின் தாள் அசல்தானா?

கேள்வி:
வணக்கம். 1493இல் ஆன்டன் கோபெர்கர் நியூரம்பெர்க்கில் அச்சிட்ட ஹார்ட்மன் ஷேடலின் உலக வரலாற்று நூலைச் சேர்ந்தது என்று சொல்லி, வண்ணம் தீட்டிய நகரக் காட்சியுடன் ஒரு தனித்தாள் எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. எழுத்து ஜெர்மன். வாங்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
முதலில் தாளை அளந்து பாருங்கள். கோபெர்கரின் லத்தீன் பதிப்பு ஜூலையிலும் ஜெர்மன் பதிப்பு டிசம்பரிலும் பெரிய தாள்களில் வெளிவந்தன. ஆக்ஸ்பர்க்கில் ஷோன்ஸ்பெர்கர் என்ற அச்சகர் 1496 முதல் அனுமதியின்றிப் போட்ட பதிப்புகள் மிகச் சிறியவை. அவற்றின் படங்களும் புதிதாகச் செதுக்கியவை. பிறகு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கையால் செய்த காகிதத்தில், கூழை வடித்த சல்லடைக் கம்பிகளின் கோடுகள் தெரியும். பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்துகள் அழுந்திய தடம் தட்டுப்படும்.

மறுமொழி 2:
படத்தை மட்டும் வைத்து ஊரை முடிவுசெய்யாதீர்கள். படம் செதுக்கிய 645 மரக்கட்டைகளைக் கொண்டே சுமார் 1,800 படங்களை அச்சிட்டதால், ஒரே காட்சி பல ஊர்களின் பெயரில் வரும். வண்ணத்தையும் கவனியுங்கள்: செம்பிலிருந்து செய்த பழைய பச்சை வண்ணம் பெரும்பாலும் காகிதத்தை அரித்து, பின்பக்கத்தில் பழுப்பாகக் கசிந்திருக்கும். நேற்றுத் தீட்டியதுபோல் பளிச்சென்று இருந்தால், விலையைக் குறைத்தே மதிப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. உயரம் 44 சென்டிமீட்டர். கம்பிக் கோடுகளும் தெரிகின்றன. ஆனால் பின்பக்கத்தில் கசிவே இல்லை என்பதால், வண்ணம் பிற்காலத்தது என்று கருதியே விலை பேசப் போகிறேன்.