ஆயில் பேன் கசிவு: வீட்டிலேயே சரிசெய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாகக் கார் நிற்கும் இடத்தில் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. டிப்ஸ்டிக்கில் அளவும் மெல்ல இறங்குகிறது. எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரில் கசிந்தாலும் ஆயில் வழிந்து கடைசியில் பேனில்தான் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) வந்து நிற்கும். அதனால் முதலில் எஞ்சினை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, 20 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். மேலே எல்லாம் காய்ந்தே இருக்கிறது. ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டாயிற்று, ஃபில்டர் பக்கமும் ஈரமில்லை. பேன் எஞ்சினோடு சேரும் விளிம்பில், பின்பக்க மூலையில்தான் துளித்துளியாகக் கட்டுகிறது.

பேனைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை இறுக்கினால் போதும் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அதிகம் இறுக்கினால், கசியாமலிருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் பிதுங்கிவிடும்.

பேனைக் கழற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அலுமினிய விளிம்பில் கீறல் விழாமல் பழைய சிலிக்கானை (கசிவை அடைக்கும் பசை) எதைக் கொண்டு சுரண்டினீர்கள்? புது கேஸ்கெட்டுக்கு மூலைகளில் மட்டும் சிலிக்கான் வைத்தால் போதுமா? ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க மாட்டேன், ஸ்டாண்டு இருக்கிறது.

இன்னொரு பயம். பின்மூலை என்பதால், கிராங்க் ஷாஃப்ட்டின் (எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) பின் சீல் கசிந்து இப்படிக் காட்டுகிறதோ? இதைக் கண்டுபிடிக்க வழி தெரிந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பேனில் கை வைக்கும் முன் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.