கறுப்புப் புள்ளி மறைந்த இடம்

சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். வேலை கற்றது எனக்கு முன்பிருந்த பெரியவரிடம். காலையில் மோட்டாரைப் போடு, மாலையில் குளோரின் மாத்திரையைப் போடு, நிறம் மாறினால் இன்னும் இரண்டு போடு. அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கும் அவ்வளவுதான் சொல்லித் தந்திருந்தார்கள்.

ஒரு கோடையில் சோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டியும் சுவரோரம் பாசி பிடித்தது. அப்போதுதான் சங்கத்தார் என்னை சி.பி.ஓ என்ற நீச்சல் குளப் பராமரிப்பாளர் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் வகுப்பு. முடிவில் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதும் 50 கேள்விகள். சான்றிதழ் 5 ஆண்டுகள் செல்லும்.

பயிற்சியாளர் அவரவர் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். என் தண்ணீரில் சோதனை மருந்தைக் கலந்ததும் அரிசி களைந்த நீர் போல வெளுத்தது. அடியில் கறுப்புப் புள்ளி இட்ட குழாயில் அதை மெல்ல ஊற்றி, மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் சயனூரிக் அமிலத்தின் அளவு. குழாயின் அடியில் இருக்கும் 100 என்ற கோட்டைத் தண்ணீர் எட்டுமுன்பே புள்ளி மறைந்துவிட்டது. அதாவது அளவு 100-க்கும் மேல். பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் சேர்த்து மறுபடி பார்த்தோம். 100. அப்படியானால் உண்மையில் 200 பி.பி.எம், அதாவது பத்து லட்சம் பங்கில் 200 பங்கு. இருக்க வேண்டியது 30 முதல் 50.

நான் நாள்தோறும் போட்ட மாத்திரைதான் காரணம். அதிலிருந்து 10 பி.பி.எம் குளோரின் ஏறினால் கூடவே 6 பி.பி.எம் சயனூரிக் அமிலமும் ஏறும். இந்த அமிலம் அளவாக இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். மிஞ்சினால் அதன் கையைக் கட்டிவிடும். குளோரின் செலவாகிவிடும், இது தங்கிவிடும். தண்ணீரை மாற்றுவதுதான் வழி. 2 லட்சம் லிட்டரில் ஒன்றரை லட்சம், அதாவது 12,000 லிட்டர் லாரி பதின்மூன்று! மே மாதச் சென்னையில் இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல, அந்தக் குழாயைக் கையோடு கொண்டுபோனேன். செயலாளர் அம்மா தாமே புள்ளியைப் பார்த்தார். மழைக்காலம் வரை குளத்தை மூடி வைக்க ஒப்புக்கொண்டார்கள்.

---

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஒரு ஹோட்டல் ஸ்பாவில் வேலை செய்தவன். அங்கே ஆசிட் அள்ளும் மக்காலேயே பிலீச்சிங் பவுடரையும் அள்ளுவோம். ஒருநாள் மக்கில் ஆசிட் மிச்சம் இருந்திருக்கிறது. பவுடர் பட்டதும் பச்சை மஞ்சளாய்ப் புகை. பம்ப் அறையில் ஒரே கதவு. உடன் வேலை செய்தவர் இருமிக்கொண்டே விழுந்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிறகு பயிற்சிக்குப் போனபோது முதல் மணி நேரப் பாடமே இதுதான்: இரண்டையும் ஒன்றாக வைக்காதே, தண்ணீரில்தான் மருந்தை ஊற்ற வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதே. இதைச் சொல்லித் தராமல் யாரையும் அந்த அறைக்குள் அனுப்பக் கூடாது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

---

தம்பி, உங்கள் நண்பர் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். நாங்கள் மாத்திரையை விட்டுத் திரவக் குளோரினுக்கு மாறிவிட்டோம். அது தண்ணீரின் அமில-கார அளவான பி.எச்-ஐ ஏற்றும் என்பதால் ஆசிட் வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே ஆசிட்டுக்குச் சிவப்பு மக் ஒன்று வாங்கி, வேறு அறையில் வைத்துவிட்டேன். தண்ணீர் மாற்றியபின் புள்ளி 50-இல் மறைந்தது. போன வாரம் 40.