அப்பா ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார், என்ன சொல்லிப் புரியவைப்பது?

தறிவீட்டு மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. அருப்புக்கோட்டையில் கைத்தறி நெய்கிறார். இன்றும் நாளுக்கு ஆறு மணி நேரம் தறிக்குழியில் கால்விட்டு உட்காருவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அழுத்தம் 170/100 இருந்ததால் மருத்துவர் அம்லோடிபின் எழுதிக் கொடுத்தார். ஒழுங்காகத்தான் சாப்பிட்டு வந்தார். பிறகு கணுக்கால் இரண்டும் வீங்கின. மாலையில் விரலால் அழுத்தினால் குழி விழும். தீபாவளியோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். வீக்கம் வடிந்துவிட்டது. தான் செய்ததே சரி என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

நேற்று பக்கத்து வீட்டுக் கருவியில் பார்த்தேன்: 172/104. “எனக்குத் தலைவலியா, மயக்கமா? பாவு நூல்களை ஒவ்வொன்றாகப் பிணைப்பதுகூட இன்னும் நான்தான். கருவி பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது” என்கிறார். அம்மா இந்துப்புக்கு மாறிவிட்டார். அதுவே போதும் என்கிறார். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், தேனி:
மகளே, வீக்கத்தைப் பற்றி உன் அப்பா சொல்வது உண்மை. முதலில் அதை அவரிடம் ஒப்புக்கொள். அம்லோடிபின் நுண்ணிய தமனிகளை விரிக்கிறது. அதனால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்கும். காலைத் தொங்கவிட்டு உட்காரும் தொழிலில் இது கூடுதலாகவே தெரியும். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். எத்தனையோ வகைகள் உள்ளன. அதை மருத்துவரிடம் சொல்லாமல் தானே நிறுத்தியதுதான் தவறு.

31 ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தேன். பக்கவாதம் வந்து தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களின் வீட்டார் “நேற்று வரை நன்றாக இருந்தாரே” என்று அழுவார்கள். அது உண்மைதான். அழுத்தம் ஏறுவதைப் பெரும்பாலும் உடம்பு காட்டிக்கொடுப்பதில்லை. அதற்குள் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகும், சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதாகும், மூளையின் சிறு குழாய்கள் இறுகும்.

ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அவருடன் வாதாடாதே. ஏழு நாள், காலையும் மாலையும் பாருங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் காபி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கருவியின் பட்டை துணி மூடாத மேல்கையில், இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, எழுதும் வேலையை அவரிடமே கொடு. நெசவாளர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85க்கு மேல் போனால் அது உயர் அழுத்தம்தான். 180/120ஐத் தாண்டி நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, பேச்சுக் குழறலோ இருந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அம்மாவிடம் சொல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. மூன்று பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பொட்டலம் இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் இருந்தால் இன்னும் நீளவேண்டும். பொட்டாசியம் கலந்த உப்பைச் சிறுநீரகப் பரிசோதனை செய்யாமல் தொடவேண்டாம்.

இன்னொன்று. அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போ. உடம்பைக் கீறாமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்க முடிந்த இடம் விழித்திரை. உடம்பு பொய் சொல்லாது என்கிறாரே, அவருடைய உடம்பையே அவருக்குக் காட்டட்டும்.

கரிசல்காட்டான்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் லாரி ஓட்டினார். அழுத்தம் இருந்தது, மாத்திரையை நினைத்தால் சாப்பிடுவார். இடுப்புவலிக்கு மட்டும் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கினார். அந்த வலி மாத்திரை அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது 49 வயதில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். உங்கள் அப்பாவின் சட்டைப் பையைப் பாருங்கள், சகோதரி.

மாத்திரைச் செலவு தடையாக இருந்தால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

தறிவீட்டு மகள்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். சட்டைப் பையில் இல்லை. தறிக்குழி ஓரத்துத் தகர டப்பாவில் இருந்தது, முதுகுவலிக்கென்று வாங்கிப் பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை. நீங்கள் எழுதியிராவிட்டால் தேடியே இருக்க மாட்டேன், அண்ணா.

கண் மருத்துவர் விழித்திரையைப் படமெடுத்துத் திரையில் காட்டினார். இடது கண்ணில் இரண்டு இடங்களில் சிறு ரத்தக் கசிவு. குழாய்கள் குறுகியிருந்தன. அப்பா நெடுநேரம் அதையே பார்த்தார். “இது எத்தனை நாளாக இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். பார்வை போனால் பாவு பிணைக்க முடியாது என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏழு நாள் சராசரி 166/98. கூலிக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர் டெல்மிசார்டன் என்ற வேறு வகை அழுத்த மாத்திரை கொடுத்திருக்கிறார். இரண்டு வாரத்தில் மீண்டும் ரத்தப் பரிசோதனை. வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். முதுகுவலிக்கு என்ன செய்வது என்று அடுத்த முறை கேட்க வேண்டும். அவர் வலியோடுதான் உட்காருகிறார்.

அம்மா உப்புப் பொட்டலத்தின் மேல் பிரித்த தேதியை எழுதி வைத்திருக்கிறார்.