நெப்போலியன் காலப் போர் விளையாட்டு: ஒரு பண்ணை வீட்டை மூன்று பட்டாலியனாலும் பிடிக்க முடியாதா?

பிரிக்பீல்ட்ஸ்காரன் (கோலாலம்பூர்):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, 28 மில்லிமீட்டர் பொம்மை வீரர்களை வைத்து நெப்போலியன் காலப் போர்களை ஆடிவருகிறோம். ஒரு பட்டாலியனுக்கு 24 பொம்மைகள். அதை 600 பேராகக் கணக்கிடுகிறோம். கட்டடங்களுக்கு நாங்களே எழுதிக்கொண்ட விதி இதுதான்: உள்ளே இருக்கும் பட்டாலியன் நான்கு பக்கமும் முழு எண்ணிக்கையுடன் சுடலாம், அதன்மேல் விழும் அடிகளில் மூன்றில் இரண்டு பங்கைச் சுவர் தாங்கிக்கொள்ளும், ஒரு சுற்றில் ஒரு பட்டாலியன் மட்டுமே பாய்ந்து தாக்கலாம். தாக்குபவர் வென்றுவிட்டால் உள்ளே இருந்தவர்கள் முழுவதுமாக மேசையை விட்டு அகற்றப்படுவார்கள்.

சென்ற ஆட்டத்தில் ஒரே ஒரு ஹனோவர் (ஜெர்மானிய நாடு ஒன்று) பட்டாலியன் பண்ணை வீட்டுக்குள் புகுந்துகொண்டு, மூன்று பிரெஞ்சுப் பட்டாலியன்களை ஆறு சுற்றுகள் தடுத்து நிறுத்தியது. ஏழாவது சுற்றில் ஒரு பகடை வீச்சில் அந்த ஹனோவர் பட்டாலியன் அடியோடு மறைந்தது. இரண்டுமே எனக்கு இயல்பாகப் படவில்லை. விதியை எங்கே திருத்துவது?

பட்டர்வொர்த் படகுக்காரர் (பினாங்கு):

தம்பி, பகடையைத் தொடுவதற்கு முன்னால் மேசை மீது இருக்கும் அந்த வீடு உண்மையில் எவ்வளவு பெரியது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 600 பேர் மூன்று வரிசையாக நின்றால் 200 பேர் அகலம். ஒருவருக்கு ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் என்றால் அணியின் முகப்பு 110 மீட்டர். உங்கள் 24 பொம்மைகள் இரண்டு வரிசையில், ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் அடித்தட்டில் நின்றால் முகப்பு 24 சென்டிமீட்டர். ஆக, தரையில் ஒரு சென்டிமீட்டர் என்பது நான்கரை மீட்டருக்குச் சற்று மேல். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள மாதிரி வீடு பொம்மையின் உயரத்தை வைத்துப் பார்த்தால் 9 மீட்டர் அகலமுள்ள வீடு. தரையளவை வைத்துப் பார்த்தாலோ, பக்கத்துக்கு 70 மீட்டர் உள்ள முற்றம், களஞ்சியம், தொழுவம் எல்லாம் சேர்ந்த ஒரு பண்ணை வளாகம். ஜார்ஜ்டவுன் கடைவீடு ஒன்றுக்குள், அஞ்சடியையும் (கடைமுன் நடைபாதை) சேர்த்துக் கொண்டாலும், 600 பேரைத் திணிக்க முடியாது. ஆனால் ஒரு வளாகத்துக்குள் முடியும். ஆகவே வீடு என்று சொல்லாமல் வளாகம் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது சுடும் கணக்கு. சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முக்கியமல்ல. எத்தனை துளைகளும் சன்னல்களும் இருக்கின்றன என்பதே முக்கியம். ஒரு துளையில் ஒருவர்தான் சுட முடியும். பின்னால் இருப்பவர்கள் துப்பாக்கிகளை நிரப்பி முன்னால் நீட்டலாம், அவ்வளவுதான். 70 மீட்டர் சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு துளை என்றால் 50 பேர்கூட இல்லை. உங்கள் கணக்கில் இரண்டு பொம்மைகள். வாட்டர்லூ போர்க்களத்தில், பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற ஊகுமோன் பண்ணையில் தோட்டச் சுவருக்குத் துளையிட்டதோடு நிற்காமல், சுவரின் மேலாகச் சுடுவதற்கு உட்புறம் மேடையும் கட்டினார்கள். அப்படி ஆயத்தம் செய்த இடத்துக்குச் சுடுவதற்கு நான்கு பகடை கொடுங்கள். அவசரமாகப் புகுந்துகொண்ட இடத்துக்கு இரண்டு போதும். 24 பொம்மைகளும் நான்கு பக்கமும் சுடுவது என்பது, மன்னிக்கவும், கட்டடமல்ல, கனவு.

கிள்ளான் கணக்கர்:

பினாங்கு அண்ணன் சொன்ன அளவுக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சுடும் பகடையைக் குறைப்பதால் மட்டும் பண்ணை விழுந்துவிடாது. வாட்டர்லூவில், 1815 ஜூன் 18 அன்று, லா ஹே சான்த் பண்ணை மாலை ஆறு மணிக்குப் பிறகு பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தபோது அதன் சுவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தன; தீர்ந்துபோனது தோட்டா. மேஜர் பாரிங்கின் ஜெர்மானிய இலகு காலாட்படையினர், தொடக்கத்தில் ஏறத்தாழ 400 பேர், பேக்கர் ரைஃபிள் வைத்திருந்தார்கள். அதன் குழல், மற்றக் காலாட்படையினர் வைத்திருந்த சாதாரண மஸ்கட் துப்பாக்கியின் குழலைவிடக் குறுகலானது. பக்கத்துப் பட்டாலியனின் தோட்டாக்களை வாங்கிப் பயன்படுத்தவும் வழியில்லை. அவர் மீண்டும் மீண்டும் ஆள் அனுப்பிக் கேட்டும் தோட்டா வந்து சேரவில்லை. இதற்கு மாறாக, ஊகுமோனுக்குள் ஒரு வெடிமருந்து வண்டி குண்டுமழைக்கு நடுவே ஓடி நுழைந்தது. அந்தப் பண்ணை கடைசிவரை விழவில்லை.

எனவே நாங்கள் வைத்திருக்கும் விதி இது: உள்ளே இருப்பவர்கள் மூன்று சுற்றுகள் சுட்ட பிறகு, ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு பகடை வீச வேண்டும், ஒன்று விழுந்தால் தோட்டா தீர்ந்தது, பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மட்டுமே மிச்சம். வெளியிலிருந்து வண்டியோ நட்புப் படையோ ஒரு பக்கமாவது வந்து தொட்டால் தோட்டா மீண்டும் நிரம்பும். இதனால் தாக்குபவர் சுவரில் முட்டிக்கொண்டே இருக்காமல், வளாகத்தைச் சுற்றி வளைத்துத் துண்டிக்கப் பார்ப்பார். எங்கள் ஆட்டத்தின் போக்கையே மாற்றியது இந்த ஒரு விதிதான்.

வாயிலையும் தனியாகக் கணக்கில் எடுங்கள். லா ஹே சான்தில் களஞ்சியத்தின் ஒரு கதவை முந்தைய நாள் இரவே விறகாக எரித்துவிட்டார்கள். மறுநாள் முழுவதும் அந்தத் திறப்பில்தான் பிணங்கள் குவிந்தன. ஊகுமோனில் கோடரியோடு வடக்கு வாயிலை உடைத்து முப்பது நாற்பது பிரெஞ்சு வீரர்கள் உள்ளே புகுந்தார்கள். கதவைத் தள்ளிச் சாத்தியதும் புகுந்தவர்கள் உள்ளேயே தீர்ந்தார்கள். ஆகவே கதவு உள்ள பக்கத்தில் தாக்குபவருக்குக் கூடுதல் சாதகமும், கதவற்ற நெடுஞ்சுவர்ப் பக்கத்தில் பாய்ந்து தாக்கத் தடையும் இருக்கட்டும்.

ஈப்போ இளையவன்:

பீரங்கியைப் பற்றி ஒரு சொல். கருங்கல் சுவருக்கு ஆறு பவுண்டு குண்டு பெரிய பகையல்ல, வெடிகுண்டை மேல்நோக்கி வளைவாக எறியும் ஹோவிட்சர் பீரங்கிதான் பகை. ஆனால் தீப்பிடித்தால் உடனே எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற விதியை நான் ஏற்கமாட்டேன். ஊகுமோன் மாளிகை எரிந்தது, முற்றத்தையும் தோட்டத்தையும் காவலர்கள் விடவில்லை. தீ ஒரு சுற்றுக்கு ஒரு பொம்மையைத் தின்னட்டும், அது போதும்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:

மிக்க நன்றி. ஏழாவது சுற்றில் ஒரு பட்டாலியனே மறைந்த கதைக்கு மட்டும் இன்னும் விடை வேண்டும்.

பட்டர்வொர்த் படகுக்காரர்:

அதற்கு, நெப்போலியன் படையும் ஆஸ்திரியர்களும் மோதிய ஆஸ்பெர்ன் ஊரைப் பாருங்கள். 1809 மே 21, 22 இரண்டு நாளும் அந்த ஊர் பலமுறை கைமாறியது. தோற்றவன் ஒழிந்துபோயிருந்தால் மீண்டும் எப்படிக் கைமாறும்? பாதிப் பேர் சிதறி அடுத்த தெருவுக்கோ ஒரு நகர்வுத் தொலைவுக்கோ ஓடுவார்கள், பிறகு திரட்டப்படுவார்கள். வென்றவனும் அறை அறையாகச் சிதறித்தான் இருப்பான். ஒரு சுற்றுக்கு அவன் சுடவும் கூடாது, அணிவகுக்கவும் கூடாது. வாட்டர்லூ அன்று பிளான்சனுவா என்ற ஊரில் பிரஷ்யர்களை விரட்டி ஊரை மீட்ட, நெப்போலியனின் மூத்த காவற்படையின் இரண்டு பட்டாலியன்களும் ஊருக்கு வெளியே துரத்திச் சென்று, அங்கிருந்து திரும்பத் தள்ளப்பட்டன. பக்கத்தில் ஒரு புதிய பட்டாலியனைத் தயாராக வைத்திருப்பவனுக்கே ஊர் சொந்தம்.

கிள்ளான் கணக்கர்:

அதே ஆஸ்பெர்ன் போரில் பக்கத்து ஊரான எஸ்லிங்கின் தானியக் களஞ்சியம் மட்டும் கைமாறவே இல்லையே அண்ணா? தடித்த சுவர், பல மாடி, சில நூறு பிரெஞ்சுக்காரர்கள். ஆஸ்திரியர்கள் மோதி மோதி ஓய்ந்தார்கள். எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே விதி பொருந்தாது.

பட்டர்வொர்த் படகுக்காரர்:

உண்மைதான். அப்படிப்பட்ட ஒன்றை மேசைக்கு ஒன்று என்று ஆட்டத்துக்கு முன்பே பெயர் சொல்லிக் குறித்துவிடுங்கள். அதற்குத் தம்பியின் பழைய விதியே பொருந்தும், நான்கு பக்கமும் சுடுவதை மட்டும் நீக்கிவிட்டு.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:

அடுத்த ஞாயிறு அதே பண்ணை, அதே மூன்று பட்டாலியன். சுவருக்கு இரண்டு பகடை, தோட்டா விதி, கதவு ஒரு பக்கம் மட்டும். ஹனோவர் தரப்பில் இம்முறை நானே உட்காருகிறேன்; எத்தனை சுற்று தாங்கினேன் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.