மறு: டெம்பரன்ஸ் மெடல் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'மதுவிலக்குப் பதக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா.

டெம்பரன்ஸ் மெடல், குடியைத் தொடாத படைவீரருக்குக் கிடைத்த பதக்கம். அதற்கு 'மதுவிலக்கு' பொருந்தாது. மதுவிலக்கு என்பது அரசு போடும் சட்டம். 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி கொண்டுவந்தது அதுதான். பிரிட்டிஷ் இந்தியாவின் படைமுகாம்களில் மது விற்கும் கேண்டீன் திறந்தேதான் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரன் பீர் குடிப்பான், ரம் குடிப்பான். அவர்கள் நடுவில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் தானாக உறுதிமொழி எடுத்து, ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடாமலே இருந்தால் கிடைத்தது இந்தப் பதக்கம். அந்த மன உறுதி பெயரில் தெரியாவிட்டால் சொல் வீண்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தாலும் சிக்கல்தான். டெம்பரன்ஸ் என்றால் அளவோடு இருப்பது என்றும் பொருள். 1862-இல் ஆக்ராவில் பாதிரியார் கிரெக்சன் தொடங்கிய சங்கம் அறவே குடிக்காதவர்களுக்கானது. 1888-இல் படைத்தலைவர் ராபர்ட்ஸ் இப்படிப்பட்ட சங்கங்களை இணைத்து ஆர்மி டெம்பரன்ஸ் அசோசியேஷனை அமைத்தபோது, அறவே குடிக்காதவர்களோடு அளவாகக் குடிப்பவர்களுக்கும் ஒரு பிரிவு வைத்தார். ஆனால் பதக்கம், குடிக்காமல் கழித்த காலத்துக்குத்தான். அதனால் சங்கத்தின் பெயரில் 'மதுவடக்கம்' என்று போடலாம், இரண்டு பிரிவையும் தாங்கும். பதக்கத்துக்கு அது போதாது.

முந்தைய மடலில் வந்த 'தெளிவுப் பதக்கம்' எனக்கும் பிடித்தது. பதக்கத்தில் பொறித்த வாசகமே 'விழித்திரு, தெளிந்திரு' என்ற பொருளில் வரும் விவிலியத் தொடர்தான். ஆனால் நம் பேச்சில் தெளிவது போதை. குடித்தவனுக்குத்தானே தெளியும்? இவன் குடிக்கவே இல்லையே.

பழந்தமிழில் தேடினால், போர் மறவர் கள்ளுண்டு களிப்பதற்கு 'உண்டாட்டு' என்று ஒரு துறையே, அதாவது பாடல் வகையே, இருக்கிறது. குடிக்காத மறவனுக்குத் துறை இல்லை. ஆனால் வள்ளுவர் தந்த சொல் இருக்கிறது: கள்ளுண்ணாமை. அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலில். அதன் முதல் குறளே, கள்ளின்மேல் காதல் கொண்டவரைப் பகைவர் அஞ்சமாட்டார், அவர் தம் ஒளியும் இழப்பார் என்கிறது. படைவீரன் மார்பில் தொங்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு எங்கே கிடைக்கும்?

கள் என்றால் இன்று பனங்கள், தென்னங்கள் மட்டும்தானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் கள்ளுண்ணாமை என்று சேர்த்துச் சொல்லும்போது யாரும் அப்படிக் குறுக்கிப் பார்ப்பதில்லை. பிராந்தி குடிப்பவரிடமும் அந்தக் குறளைத்தான் சொல்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை 'கள்ளுண்ணாமைப் பதக்கம்'. உறுதிமொழிக்குக் 'கள்ளுண்ணா நோன்பு'. நோன்புக்குக் கால வரையறை உண்டு, இதற்கும் உண்டு.

அப்புறம் ஒன்று. இதை நம் சொற்பட்டியலின் 'படை விருதுகள்' பகுதியில் சேர்க்க வேண்டாம். இது சங்கம் கொடுத்தது, அரசு கொடுத்ததில்லை. அதனால்தான் போர்ப் பதக்கங்களை இடது மார்பில் குத்தியவர்கள் இதை வலது மார்பில் குத்தினார்கள். 'சங்கப் பதக்கங்கள்' என்று தனித் தலைப்புப் போட முடியுமா?

அன்புடன்.